நண்டு கட்டிய மலை

அந்தக் காலத்தில், மண்ணும் உப்பும் நண்டும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, ஆற்று வண்டல் எங்கேயும் படிந்ததில்லை. மலையிலிருந்து வந்த துகள்கள் அத்தனையும் தண்ணீரில் மிதந்துகொண்டே இருந்தன. கண்ணுக்கே தெரியாத பொடிசுகள்தான். ஆனால் வீம்புக்குக் குறைச்சல் இல்லை.

அவை மூழ்காமல் மிதந்ததற்குக் காரணம், போட்டிருந்த சட்டை. மக்கிய இலைகளின் பசையை எடுத்து, மலைக்காடு ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிய சட்டை போட்டு அனுப்பியிருந்தது. சட்டை இருக்கும்வரை ஒரு துகள் இன்னொன்றோடு ஒட்டாது. ஒட்டாத துகள் மூழ்காது. மூழ்காமல் காத்திருக்கும் துகளைச் சூரியன் ஒருநாள் நீராவியோடு தூக்கி, மேகத்தில் ஏற்றி, மறுபடி மலையில் இறக்கிவிடும். இதுதான் அன்றைய ஏற்பாடு.

அந்தக் கூட்டத்தில் செவலை என்று ஒருத்தி இருந்தாள். செம்மண் நிறம். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு வந்து எத்தனையோ மழை பார்த்துவிட்டாள். மனசு மட்டும் மலையிலேயே கிடந்தது. "எங்க மலையில விடியக்காலம் பனி இறங்கும் பாருங்க, அப்ப ஒரு இலை வாசம் வரும்..." என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். பக்கத்தில் மிதப்பவர்கள் மெல்ல நழுவிவிடுவார்கள். அவர்களுக்கும் அதே ஏக்கம்தான், வெளியே சொல்லிக்கொள்ள வெட்கம்.

கடலில் இருந்த உப்புக்குப் பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பதில் அப்படி ஒரு ஆசை. "தள்ளித் தள்ளியே நிக்கிறீங்களே, கொஞ்சம் கை கோத்துக்கிட்டா என்ன குறைஞ்சு போவீங்க?" என்று துகள்களுக்கு நடுவே புகுந்து பார்க்கும். சட்டை விடாது. உப்பு முணுமுணுத்துக்கொண்டே போய்விடும்.

ஒரு கோடையில் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. கரையில் ஆராயி என்ற நண்டு குடியிருந்தாள். அவள் வளை தோண்டத் தோண்ட அலை வந்து இடித்தது.

"செவலை, கரை போயிக்கிட்டே இருக்கு தாயி. வயித்துல முட்டையோட நிக்கிறேன். மண்ணு இல்லாட்டி எங்க போயி பொரிக்க வைப்பேன்? நீங்க கீழ படிஞ்சாத்தான் கரை நிக்கும்."

"நான் ஊருக்குப் போகணும்க்கா. படிஞ்சுட்டா போக முடியாதே."

ஆராயி கோபித்துக்கொள்ளவில்லை. "பொறந்த எடமாச்சே, போகத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு, இடிந்த வளையைத் திரும்பத் தோண்டப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட செவலைக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

மறுநாள் உச்சிவெயிலில் சூரியன் கூப்பிட்டது. "வா தாயி, இன்னைக்கு உன் முறை. மலைக்குப் போகலாம்."

செவலை கரையைப் பார்த்தாள். "ஐயா, என்னைத் தூக்க வேணாம். என் சட்டையைப் பொசுக்கிடுங்க."

"மேல ஆத்துல உங்களை எத்தனை தடவை வாட்டியிருக்கேன்! சட்டை சுருங்குச்சே தவிர யாரும் யாரோடவும் ஒட்டலையே?"

"அங்க உப்பு இல்லீங்களே ஐயா. இங்க இருக்கு."

"சட்டை போனா போனதுதான். புதுசு போட்டுவிட இங்க காடு கிடையாது. அப்புறம் உனக்கு மலையும் கிடையாது."

"தெரியும்யா" என்றாள்.

சூரியன் காய்ந்தது. சட்டை சுருங்கிக் கிழிந்தது. அந்தக் கிழிசல் வழியாக உப்பு உள்ளே புகுந்தது. செவலை பக்கத்தில் இருந்தவளை எட்டிப் பிடித்தாள். அவளும் தன் சட்டையை வெயிலுக்குக் காட்டினாள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி கட்டிக்கொள்ள, துகள்கள் திட்டுத் திட்டாகத் திரண்டு கீழே இறங்கின. செவலை மேலே போகும் மேகத்தைப் பார்த்து அழுதாள். அழாமல் எப்படி இருப்பாள்?

கரை நின்றது. ஆராயி அந்தப் புதுச் சேற்றில் வளை தோண்டினாள். குஞ்சுகள் நலமாகப் பொரிந்தன. பிறகு ஒருநாள், வளைக்குள்ளிருந்து சேற்றை உருண்டை உருண்டையாக எடுத்துவந்து வாசலில் குவித்தாள். உச்சியில் செவலை இருந்த உருண்டையை வைத்தாள்.

"உங்க மலை அளவுக்கு வராதுதான். இருந்தாலும் மேல இருந்து பாரு தாயி, மேக்கால ஏதாச்சும் தெரியுதா?"

செவலை வெகுநேரம் பார்த்தாள். "தெரியுதுக்கா" என்றாள்.

சாயங்காலம் அலை வந்து அதைக் கலைத்தது. மறுநாள் ஆராயி மறுபடி கட்டினாள்.

அன்று முதல்தான் வெயிலும் உப்பும் கூடுகிற முகத்துவாரத்தில் வண்டல் படிகிறது. அலை எத்தனை முறை கலைத்தாலும், நண்டு தன் வளை வாசலில் ஒரு சின்ன மலை கட்டுவதும் அன்று முதல்தான்.