பிளோரா மிஸ் தூக்கின கொடி

"நான் எங்க தப்பா நின்னேன்? அத மட்டும் சொல்லு மிஸ்ஸு."

திங்கக்கிழமை காலைல எட்டரை மணிக்கு, ஸ்கூல்ல பிரேயர் கூட ஆரம்பிக்கல, கோஜோ வந்து கிரவுண்டு கேட்டைப் புடிச்சிட்டு நின்னான்.

பிளோரா அந்த ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர். ஞாயித்துக்கிழமையானா ஃபுட்பால் மேட்சுக்கு லைன் அம்பயர். கோட்டோரமா கொடியோட ஓடுவாளே, அது. முந்தின நாள் அவ தூக்கின கொடிதான் கோஜோ போட்ட கோலை இல்லேன்னு ஆக்கிடுச்சு.

"மொதல்ல தண்ணி குடி"ன்னா பிளோரா.

"தண்ணி வாணாம். பதில் சொல்லு."

கோஜோவுக்கு 'நீங்க', 'வாங்க' எல்லாம் வராது. அவன் ஊரு கானா. இங்க அவனுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தது ஹார்பர்ல மூட்டை தூக்குற ஆளுங்க. ஒருவாட்டி கோயில் பாதிரியாரைப் பாத்து, "இன்னா நைனா, துன்னியா?"ன்னு கேட்டுட்டான். அவரு நல்ல மனுஷன், "துன்னேம்பா"ன்னுட்டுப் போயிட்டாரு. அவருக்கு முன்ன இருந்த பாதிரியாரா இருந்தா பூசைய நிறுத்தியிருப்பாரு. அந்தக் கதை வேற, அத விடு.

கோஜோ ஸ்ட்ரைக்கர். கோல் போடறதுதான் அவன் பொழப்பு. அதுக்குன்னே எட்டு வருஷத்துக்கு முன்ன ஒரு ஏஜென்ட்டு கூட்டியாந்தான். பெரிய ஸ்டேடியம், ராத்திரில பகல் மாதிரி லைட்டு, டிவின்னு சொல்லித்தான் கூட்டியாந்தான். இங்க வந்து எறங்கினா, துறைமுகத் தோழர்கள்னு ஒரு டீமு. செவப்பு மண்ணு கிரவுண்டு, ஒரு ஓரத்துல எருமை. ஆறு மாசம் இங்க ஆடு, அப்புறம் பெரிய டீமுன்னான் ஏஜென்ட்டு. ஆறு மாசத்துல ஏஜென்ட்டையே காணோம்.

வருஷா வருஷம் டீமுல ஒரு லெட்டர் குடுப்பாங்க. அந்த லெட்டர் இருந்தாத்தான் இங்க தங்கறதுக்கு விசா சீல் குத்துவாங்க. எட்டு லெட்டர் வாங்கிட்டான்.

இந்த வருஷம் மேல இருக்கறவங்க ஒரு புதுச் சட்டம் கொண்டாந்தாங்க. டீமுக்கு மூணு வெளிநாட்டுக்காரன் வரைக்கும் இருக்கலாம்னு இருந்ததை, ஒருத்தன்தான்னு ஆக்கிட்டாங்க.

தோழர்கள்ல ரெண்டு பேர் இருந்தாங்க. கோஜோவுக்கு முப்பத்தினாலு. இன்னொருத்தனுக்கு இருவத்தொண்ணு, குதிரை மாதிரி. ரெண்டு பேருக்கும் ஏழு ஏழு கோலு. செக்ரட்டரி சொல்லிட்டாரு: "கடைசி மேட்ச்ல யாரு கூடப் போடுறானோ அவனுக்கு லெட்டர். சமமா முடிஞ்சா சின்னவனுக்கு."

கடைசி மேட்ச்ல சின்னவன் போடல.

கோஜோ போட்டான். முடிய அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப.

கொடி மேல இருந்துச்சு.

"பதில் சொல்லு மிஸ்ஸு"ன்னான் திரும்பவும்.

பிளோரா விசில் அடிச்சா. எட்டாங் கிளாஸ் பொண்ணுங்க ஓடி வந்துச்சுங்க. எட்டு பேரை எதிர் டீமு மாதிரி வரிசையா கை கோத்து நிக்க வச்சா, கோல் போஸ்ட்டுக்கு முதுகு காட்டி. எதுக்க தூரத்துல பந்தோட ஒரு பொண்ணு.

"கோஜோ, நீ இவங்க வரிசையில நில்லு. சரியா நேரா."

நின்னான்.

"நகராத."

நகரல.

ஆஃப்சைடுன்னா என்னன்னு சொல்லிடறேன், எனக்கே நாப்பது வருஷம் ஆச்சு புரிய. எங்க வூட்டுக்காரரு மூணு தம்ளரை வச்சு சொல்லிக்குடுத்தாரு, அதுல ஒண்ணு ஓட்டை, காப்பியெல்லாம் பாயில. விஷயம் இதான்: கோல் காக்கற கோலியை விட்டுட்டா, எதிர் டீமுல கடைசியா ஒருத்தன் நிப்பான். உன் ஆளு உனக்குப் பந்தை உதைக்கிற அந்த நொடியில, நீ அந்தக் கடைசி ஆளைத் தாண்டி நிக்கக் கூடாது. உதைச்சப்புறம் எங்க வேணா ஓடு. முன்னாடியே தாண்டி நின்னா தப்பு. கொடி.

பிளோரா கைய அசைச்சா. எட்டு பொண்ணுங்களும் ஒண்ணா ரெண்டு அடி முன்னால வந்தாங்க. அதே நேரம் அந்தப் பொண்ணு பந்தை உதைச்சா.

கோஜோ மட்டும் தனியா பின்னாடி நின்னான்.

கொடி மேல போச்சு.

"நான் நகரவே இல்ல மிஸ்ஸு!"

"ஆமா. நகரல."

கொடிய எறக்கல அவ.

பொண்ணுங்க சிரிச்சாங்க. கோஜோ சிரிக்கல. எட்டு பேர் நின்ன இடத்தையும், இப்ப நிக்கிற இடத்தையும் மாத்தி மாத்திப் பாத்தான்.

"நீ பந்தைப் பாக்கவே இல்லியே. அவ உதைச்சப்போ இந்தப் பக்கம்தான் பாத்துட்டு இருந்த"ன்னான் கோஜோ.

"பெல்லு அடிச்சாச்சு"ன்னா பிளோரா. "எனக்கு கிளாஸ் இருக்கு."

---

புதன்கிழமை மறுபடி வந்தான். ஷேவ் பண்ணல. முட்டிக்கு மேல துணி சுத்தியிருந்தான்.

"சின்னவனுக்கு லெட்டர் குடுத்துட்டாங்க"ன்னான்.

"கேள்விப்பட்டேன்."

"எனக்குப் பத்து நாளு. அதுக்குள்ள போயிடணும்."

பிளோரா சுண்ணாம்பு டப்பாவைத் தூக்கிட்டு கோடு போட்டுட்டு இருந்தா. அவனும் கூடவே நடந்தான்.

"எங்கம்மா கருவாடு விக்கறா. மார்க்கெட்ல அவ பக்கத்துல ஒக்காந்து இருக்கறவ, எதுக்க ஒக்காந்து இருக்கறவ, எல்லாருக்கும் தெரியும், கோஜோ பெரிய ஸ்டேடியத்துல ஆடறான்னு."

"யாரு சொன்னா?"

"நான்தான். அடுத்த வருஷம் பெரிய டீமு, அடுத்த வருஷம் பெரிய டீமு. எட்டு வாட்டி சொல்லிட்டேன். அதான் ஒருவாட்டி கூட ஊருக்குப் போகல."

பிளோரா கோடு போட்டுட்டே இருந்தா.

எங்க சித்தப்பா ஒருத்தர் ரங்கூன்ல மேனேஜரா இருக்கறதா முப்பது வருஷம் லெட்டர் போட்டாரு. ஆளு திரும்பி வந்தப்போ ஒரு குடையும் ஒரு தகரப் பொட்டியும்தான். பொட்டில பூரா பாட்டி எழுதின பதில் லெட்டருங்க. ஒண்ணைக் கூட பிரிக்கல மனுஷன். பாட்டி என்ன எழுதியிருந்தாளோ, இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியாது. சரி, கோஜோவுக்கு வரேன்.

"எங்க நின்னா நீ கொடி தூக்க மாட்ட?"ன்னு கேட்டான்.

பிளோரா நடுக்கோட்டு வரைக்கும் நடந்தா. கோட்டைத் தாண்டினா. அந்தப் பக்கம், அவன் டீமு காப்பாத்துற பாதியில போய் நின்னா. கால் கட்டைவிரலால மண்ணுல ஒரு வட்டம் போட்டா.

"இங்க. உன் சொந்தப் பாதி. இங்க நிக்கறவனுக்கு யாரும் கொடி தூக்க முடியாது. சட்டமே அப்படித்தான்."

கோஜோ அந்த வட்டத்துக்குள்ள போய் நின்னான். எதுத்தாப்புல பாத்தான். கோல் போஸ்ட்டு தூரத்துல, தீப்பெட்டி அளவுக்குத் தெரிஞ்சுது.

"இங்கேருந்து எவன் கோல் போட்டான் மிஸ்ஸு?"

அவ டப்பாவை எடுத்துட்டுப் போயிட்டா.

ரொம்ப நேரம் அந்த வட்டத்துலயே நின்னானாம். வெயிலு சுட்டெரிக்குது. வாட்ச்மேன் வந்து, "யோவ், கேட்டு பூட்டணும்"ன்னு சொல்ற வரைக்கும்.

---

ஏகாம்பரத்தைப் பத்தி சொல்லாம மேல போக முடியாது.

ஏகாம்பரம் பெயின்ட் அடிக்கறவன். ஆனா உசுரு பூரா மேளத்துல. சாவு வூட்டுக்கு, தேருக்கு, எலெக்‌ஷனுக்கு, எல்லாத்துக்கும் அவன் செட்டுதான். ஒரு கல்யாணத்துல தாலி கட்டற நேரம், கெட்டிமேளம் சரியா அடிக்கலேன்னு எழுந்து போயி, தவில்காரர் கிட்ட குச்சியப் புடுங்கி இவனே அடிச்சான். மாப்பிள்ளை யாருன்னு நெனைக்கற? இவன்தான். பொண்ணு மணையில ஒக்காந்து பல்லைக் கடிச்சிட்டு இருந்துச்சு.

அந்த ஏகாம்பரம் கோஜோவுக்குன்னே ஒரு அடி கண்டுபுடிச்சான். கோ... ஜோ. கோ... ஜோ. எட்டு வருஷமா ஒரு மேட்ச் விடல. கோஜோ கால்ல பந்து வரப் போவுதுன்னு தெரிஞ்சாலே பன்னண்டு மேளமும் ஒண்ணா எழும்பும். காது கிழியும். கோஜோ சொல்லுவான், "அந்த சத்தம் இல்லேன்னா எனக்கு காலு வராது. எங்கம்மா கூப்புடற மாதிரி இருக்கும்"னு.

அந்தக் கொடிக்கு அப்புறம் ஏகாம்பரம் செட்டு பிளோரா கிட்ட பேச்சு வார்த்தைய விட்டுடுச்சு. ஸ்கூலு சொவத்துல யாரோ 'குருட்டு மிஸ்'னு எழுதி வச்சாங்க. பெயின்ட்டு நல்ல பெயின்ட்டு, தேச்சாலும் போகல. யாரு எழுதினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

---

அடுத்த புதன்கிழமை ஃபிளைட்டு. சாயங்காலம். மத்தியானமே கோஜோ பையோட கிரவுண்டுக்கு வந்துட்டான். ஒரே ஒரு பை.

பிளோரா வேப்ப மரத்தடில கொடித் துணிய குச்சில சுத்திட்டு இருந்தா.

"உன்கிட்ட சண்டை போட வரல"ன்னான். "எங்கம்மா கேப்பா. கடைசி மேட்ச்ல போட்டியாடான்னு. போட்டேன்னு சொல்லட்டா, போடலேன்னு சொல்லட்டா? நீ சொல்றதைச் சொல்றேன்."

அவ சுத்தின துணிய அவுத்தா. மறுபடி சுத்தினா.

"அன்னிக்கு என் கண்ணு எங்க இருந்துச்சு?"

"லைன்ல. என் கால்ல."

"பந்து எங்க இருந்துச்சு?"

"தூரத்துல. அந்தக் கோடில இருந்து எங்க டீமு தன்ராஜ் உதைச்சான்."

"ரெண்டையும் ஒண்ணா பாக்க முடியுமா?"

கோஜோ யோசிச்சான். "முடியாது."

"அதனால கண்ண லைன்ல வச்சுக்குவோம். பந்தைக் காதால கேப்போம். காலு பந்துல படறப்போ டொப்புன்னு ஒரு சத்தம் வரும். அந்த டொப்புல நீ எங்க நிக்கறியோ, அதான். இருவது வருஷமா அப்படித்தான் பாக்கறேன்."

"சரி."

"அன்னிக்கு டொப்பு கேக்கல."

"ஏன் கேக்கல?"

பிளோரா ரோட்டுப் பக்கம் தலையத் திருப்பினா.

தெரு முனையில மேளம் ஆரம்பிச்சிருந்துச்சு. அவனை வழியனுப்ப வராங்க. கோ... ஜோ. கோ... ஜோ.

கோஜோ அந்தப் பக்கம் பாத்தான். பையோட வாரை இறுக்கிப் புடிச்சான்.

"அப்போ உனக்குத் தெரியாது."

"தெரியாது."

"தெரியலேன்னா கொடி தூக்கக் கூடாதுன்னுதானே சட்டம்?"

"கூடாது. சந்தேகம்னா கோல் போடறவனுக்குத்தான் விட்டுக் குடுக்கணும்."

"பின்ன ஏன் தூக்கின?"

மேளம் கிட்ட வந்துடுச்சு. அவ குரலை ஏத்தித்தான் பேச வேண்டியிருந்துச்சு.

"எதிர் டீமுல எல்லாரும் ஆஃப்சைடுன்னு கையத் தூக்கினாங்க கோஜோ. கோலி வரைக்கும். தூக்காதவன் நீ ஒருத்தன்தான். என் கை தானா போயிடுச்சு."

அவன் அழுவான்னு நெனைச்சாளாம். அழல. எட்டு வருஷமா அந்த மண்ணுல ஓடின ஆளு, அந்த மண்ணையே பாத்துட்டு நின்னான்.

கேட்டைத் தள்ளிட்டு ஏகாம்பரமும் செட்டும் உள்ள வந்தாங்க. வாசல்ல குட்டி யானை வண்டி, அதுல மாலை, பலூனு. ஏகாம்பரம் கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. பிளோராவைப் பாத்ததும் குச்சிய ஓங்கி நிறுத்தினான். பன்னண்டு மேளமும் நின்னுது.

"இன்னாம்மா, ஆளைத் தொரத்தியாச்சு, இப்ப நிம்மதியா?"

"ஏகாம்பரம், அன்னிக்கு என்ன ஆச்சுன்னா..."

"நீ பேசாத. ஊரு பூரா பாத்துச்சு. எங்க மேளம் எப்புடி எழும்புச்சு, நாங்க எழுப்பி விட்டுத்தான் அவன் ஓடினான்! அந்தக் கோலு எங்க கோலு!" அவன் கோஜோ தோளைப் புடிச்சு உலுக்கினான். "போறதுக்கு முன்ன நீயே சொல்லிட்டுப் போ மாமே. இவ மூஞ்சிக்கு நேரா சொல்லு. அது கோலுதானே?"

பிளோரா எழுந்து நின்னா. "நானே சொல்றேன். அன்னிக்கு எனக்குக் காது..."

கோஜோ பையக் கீழ வச்சான்.

வலது கைய நேரா மேல தூக்கினான்.

"ஆஃப்சைடு மாமே. நான்தான் முன்னாடியே ஓடிட்டேன். நீ மேளம் அடி."