வெயிலில் மட்டும் பேசும் துணைக்கோள்

உச்சி வெயிலில், பெனிட்டா டீச்சர் வீட்டு மொட்டைமாடியில், ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் வீரபாகு. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அவர் தொண்டையைக் கனைத்தால் ஆபீஸே எழுந்து நிற்கும். இப்போது பாளையங்கோட்டை வெயிலில், ஆசாரிகள் அளக்கிற இரும்பு டேப்பை வெட்டிப் பிளாஸ்டிக் குழாயில் பூட்டிய ஒரு குச்சியை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறார். தலைவிதி, வேறென்ன சொல்ல?

"ஒண்ணும் கேக்கலம்மா. இரைச்சல்தான் வருது."

"அது தாண்டிப் போயிட்டு சார். இனி நாளைக்குத்தான்" என்றார் டீச்சர்.

டீச்சர் அவரைவிட இருபது வயது சின்னவர். அமெச்சூர் ரேடியோக்காரர். கல்லூரிப் பிள்ளைகள் செய்து மேலே அனுப்புகிற சின்னச் சின்னத் துணைக்கோள்களின் சத்தத்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரர். யார் வந்து கேட்டாலும் கற்றுக்கொடுப்பார். ஆனால் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

வீரபாகுவுக்கு வேண்டியது ஒரே ஒரு துணைக்கோள். ஒரு கல்லூரியில் செய்தது, டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வெயில் பட்டால் உயிர் வந்து பேசும். பூமியின் நிழலுக்குள் போனால் ஊமையாகிவிடும். பேசுகிற குரல் ஒரு பெண்ணுடையது. அந்தப் பெண் வடிவு, வீரபாகுவின் ஒரே மகள். அந்தக் கல்லூரியில் படிக்கும்போது பேசிப் பதிவு செய்து வைத்தது.

படிப்பு முடிந்த கையோடு, அப்பாவை ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு புனேவுக்குப் போய்விட்டாள். நாலு வருஷமாகிறது. அம்மாவும் மகளும் தினமும் போனில் பேசுகிறார்கள். போன் அடித்தால் இவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். வீட்டுக்குள்ளேயே கேட்கிற குரல் வேண்டாமாம், ஆகாசத்திலிருந்து வருகிற குரல்தான் வேண்டுமாம். இந்த மனுஷனை என்னவென்று சொல்வது?

போன வாரம் சோறு போடும்போது மனைவி சொன்னாள்: "வடிவு பேசி அனுப்புனாள்லா, அது கீழ இறங்கிட்டே வருதாம். இந்த மாசம் தாங்காதாம். எரிஞ்சு போயிருமாம்."

அன்று அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். மறுநாள் டீச்சர் வீட்டு வாசலில் நின்றார். மகள் விஷயத்தைச் சொல்லவில்லை. விஞ்ஞானத்தில் ஆர்வம் என்றார்.

டீச்சர் ஒரு சின்ன ரிசீவரைக் கொடுத்தார்.

"இதுல பேசுறதுக்கு எந்தப் பொத்தான்?"

"பொத்தான் கிடையாது சார். இது கேக்கறதுக்கு மட்டும்."

மட்டமான சாமானைத் தலையில் கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார் வீரபாகு.

"இன்னொண்ணு சார். அது ஓடிட்டே பேசுது. நம்மள பாத்து வரும்போது அலைவரிசை எண் கொஞ்சம் மேல நிக்கும், தாண்டிப் போகும்போது கீழ இறங்கும். நீங்களும் கூடவே குமிழத் திருப்பிட்டு வரணும்."

வீரபாகு கேட்பாரா? அவர் கையில் அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. அதில் துணைக்கோளின் அலைவரிசை எண் போட்டிருந்தது.

"செஞ்சவனே அச்சடிச்சிருக்கான். இதை விட்டு ஒரு புள்ளி நகர மாட்டேன். வேற எடத்துல பேசுனா அது அதோட குத்தம்."

வீரபாகு தினமும் அந்த எண்ணிலேயே வைத்துக்கொண்டு காய்ந்தார். துணைக்கோள் தலைக்கு மேலே வருகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் 'ணக்கம்' என்று ஏதோ கேட்கும். மறுபடி இரைச்சல். அந்த அரைச் சொல்லைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவது, ஒன்றுமே கேட்காமல் போவதைவிடக் கொடுமையாக இருந்தது.

இன்றைக்கும் அதே கதைதான். பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, எனக்கு மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது? நேராச் சொல்லுங்க."

டீச்சர் மூலையில் இருந்த மோர்மிளகாய்த் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதை வெயில்ல வைங்க சார். கீழ கொஞ்சம் வேலை இருக்கு, முடிச்சிட்டு வாரேன்."

அட கடவுளே! ரேடியோ படிக்க வந்தவன் மிளகாய் காய வைக்க வேண்டுமாம். தட்டைப் பொத்தென்று வெயிலில் வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி ஓரமாக நிழலில் உட்கார்ந்தார். டீச்சர் திரும்பி வருவதற்குள் தொட்டியின் நிழல் நீண்டு தட்டை முழுதாக மூடிவிட்டது.

"நிழல்ல இருக்கே சார்?"

"நான் வெயில்லதான் வச்சேன்."

"இப்ப?"

"இப்ப நிழல் வந்துட்டு. அதுக்கு நான் என்ன செய்ய? வைக்கச் சொன்னீங்க, வச்சேன். நகத்தச் சொன்னீங்களா?"

டீச்சர் குனிந்து தட்டை வெயிலுக்கு இழுத்து வைத்தார். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கத்தித் தீர்த்தார். "எங்கிட்ட மிளகாய் காய வைக்கச் சொல்லுதா! எங்கிட்ட!"

"சித்த நகத்தி வச்சிருக்கலாம்லா" என்றாள் அவள்.

அப்போது போன் அடித்தது. வீரபாகு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மாடி ஏறியதும் டீச்சர் சொன்னார்: "இன்னைக்கு நல்ல உயரத்துல வருது சார். இனிமே வருமான்னு சொல்ல முடியாது."

வீரபாகு ரிசீவரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு கையில் ஆன்டெனா, இன்னொரு கையில் தாள். துணைக்கோள் வடக்கே எழும்பிவிட்டது என்று டீச்சர் விரலால் காட்டினார். இரைச்சல். வெறும் இரைச்சல். அது வந்துகொண்டே இருக்கிறது, போய்விடும், எரிந்தும் போய்விடும்.

"சனியன்!" என்று வீரபாகு தாளைக் கசக்கி எறிந்தார். காலியான கையால் ரிசீவரின் குமிழை மேலே திருப்பினார்.

இரைச்சல் விலகியது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"வணக்கம். நான் வடிவு பேசுதேன். நீங்க எந்த ஊர்ல இருந்து கேக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. கேட்டா ஒரு வரி எழுதிப் போடுங்க. நான் கட்டாயம் பதில் போடுவேன்."

குரல் மங்கியது. அவர் பதறிப்போய்க் குமிழைக் கொஞ்சம் கீழே இறக்கினார். மறுபடி தெளிந்தது. மறுபடி கனைப்பு, மறுபடி வணக்கம். அது போகப் போக இவர் விரலும் கூடவே போயிற்று. தெற்கே தென்னைமரங்களுக்குப் பின்னால் இறங்குகிற வரைக்கும் அவர் விடவில்லை.

ஆன்டெனாவைக் கீழே வைத்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என் மக" என்றார்.

"தெரியும் சார்."

"எப்படித் தெரியும்?"

"நீங்களும் கனைச்சிட்டுத்தான் பேச ஆரம்பிக்கீங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. "யார் எழுதுனாலும் பதில் போடுவாளாமா?"

"போடுதாங்க. பிரேசில்ல ஒருத்தருக்குப் போட்டிருக்காங்க. எனக்கும் வந்துச்சு."

"பிரேசில்காரனுக்குப் போடுதா! பெத்த அப்பனுக்கு நாலு வருஷமா ஒரு வரி கிடையாது!"

டீச்சர் கீழே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தபால் அட்டையும் பேனாவும் இருந்தன.

"கேட்டவங்க, கேட்டேன்னு ஒரு அட்டை எழுதிப் போடணும் சார். ரேடியோக்காரங்க வழக்கம் அது. நீங்க இன்னைக்குத்தான் கேட்டிருக்கீங்க."

வீரபாகு அட்டையைப் பார்த்தார். எந்த ஊர், என்றைக்கு, எவ்வளவு தெளிவாகக் கேட்டது, என்ன கேட்டது. நாலே கட்டம். திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் மகளின் முகவரி, டீச்சர் கையெழுத்தில்.

"இது எப்படிம்மா போதும்? அவ செஞ்சது, நான் பட்ட அவமானம், அவ அம்மா அழுதது, நான் சொல்ல வேண்டியது எவ்வளவு கிடக்கு! அதையெல்லாம் இதுல எங்க எழுத?"

"அதுக்கு இதுல இடம் கிடையாது சார்" என்றார் டீச்சர்.

வீரபாகு தொண்டையைக் கனைத்தார். பேனாவை வாங்கிக்கொண்டார்.