ஆவுடையம்மா வீட்டுக் குளவி

ஒரு ஊர்ல ஒரு ஆவுடையம்மா இருந்தா. வயசு அறுபத்தொண்ணு. ஒரு எடத்துல உக்கார மாட்டா. பாத்திரம் கழுவி முடிச்சா, கழுவின பாத்திரத்தையே துடைப்பா. அப்புறம் வாசல். அப்புறம் புறவாசல். சர்ரு சர்ருன்னு வாரியல் சத்தம் நாள் பூரா கேக்கும்.

ம் சொல்லு. சொல்லலேன்னா நிறுத்திருவேன்.

அந்தப் புறவாசல்ல ஒரு புடலைப் பந்தல். அவ கையால நட்டது. அவ புருஷன் உலகநாதன், பஸ் கண்டக்டரா இருந்து ஓய்வு வாங்கினவரு, ஒரு மழையில அந்தப் பந்தலுக்கு அடியில வழுக்கி விழுந்தாரு. பத்து நாள் இடுப்புல தைலம் தேய்ச்சுக்கிட்டுக் கெடந்தாரு. எந்திரிச்சதும் புறவாசல் முழுக்க சிமெண்டுதான்னுட்டாரு. ஆவுடையம்மா மல்லுக்கு நின்னா. ஒரு வாரம் இழுபறி. கடைசியில அவர் ஒரு கெடு வச்சாரு.

"மாசானம் கொத்தனார் அடுத்த தெருவுல மாடி கட்டுதான். முடிச்சிட்டு இங்க வருவான். அதுக்குள்ள ஒரு கூட்டு வைக்கிற அளவுக்குக் காய் வந்தா பந்தல் இருக்கட்டும். வரலேன்னா சிமெண்டு."

ஒரே ஒரு காய் போதும். அதுகூட இல்ல. பந்தல்ல இருந்ததெல்லாம் புழு. பச்சைப்புழு, முதுகை வளைச்சு வளைச்சு நடக்கும். இலையெல்லாம் சல்லடை. அவ சாம்பல் தூவினா, மழை கழுவிருச்சு. வேப்பெண்ணெய் தெளிச்சா, ரெண்டு நாள் ஒளிஞ்சிருந்து திரும்ப வந்துச்சு. கையால பொறுக்கினா, பொறுக்கின அளவுக்கு மறுநாள் இருந்துச்சு. அடுத்த தெருவுல டொக்கு டொக்குன்னு கொத்தனார் சத்தம். அதைக் கேக்கக் கேக்க அவ புழு பொறுக்குற வேகம் கூடும்.

அப்போதான் ஒரு குளவி வந்துச்சு. நூல் மாதிரி இடுப்பு. ங்ங்ங்னு வீட்டுக்குள்ள வந்து, சுவிட்சுப் பெட்டி மேல மண்ணுல சின்னதா ஒரு குடம் கட்டிச்சு.

வீட்டுக்குள்ள குளவி கூடு கட்டினா அந்த வீட்டுல புள்ள பொறக்கும்னு சொல்லுவாங்க. யாரும் அதைத் தட்ட மாட்டாங்க. ஆனா அந்த வீட்டுல ரெண்டே பேரு. ரெண்டு மகனும் கோயம்புத்தூர்ல. பேத்தி காலேஜ் போறா. அப்போ யாருக்குப் பொறக்கும்?

எதிர்வீட்டுக் கோமு உறைமோர் வாங்க வந்தவ அதைப் பாத்துட்டா. அவ வாய் சும்மா இருக்குமா? குழாயடிக்குப் போறதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. ஆவுடையம்மாவுக்கு மூஞ்சி காந்துச்சு. வாரியல் கட்டையால ஒரு தட்டு. பொட்டு. தூளானதைக் கூட்டி அள்ளி வெளிய கொட்டினா. உள்ள என்ன இருந்துச்சுன்னு பாக்கல. பாக்க அவளுக்கு ஏது நேரம்?

குளவி விடல. ஜன்னல்ல கட்டிச்சு. அவ கத்தியால சுரண்டி, ஒரு வாளித் தண்ணிய அடிச்சு ஊத்தினா. சளார். எல்லாம் சாக்கடைக்குப் போயிருச்சு.

மூணாவது தடவை எங்க கட்டிச்சு தெரியுமா? அவங்க கல்யாணப் போட்டோவுல. சட்டத்தோட மூலையில, மாப்பிள்ளை தலைக்கு மேல. அன்னைக்குப் பாத்து கோமு மறுபடி உறைமோருக்கு வந்தா. இனி வேற என்ன சாட்சி வேணும் மதினின்னு கேட்டுட்டுப் போனா.

தூங்கிட்டியா? ம். சரி.

கண்ணாடிச் சட்டம், கட்டையால அடிக்க முடியாது. ஆவுடையம்மா போட்டோவைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, கரண்டிக் காம்பால மெல்ல நெம்பினா. கூடு ரெண்டா பிளந்துச்சு. பொலபொலன்னு மடியில கொட்டுச்சு.

பச்சைப்புழு. எட்டு.

எல்லாம் அவ பந்தல் புழு. சாகல, நடக்கவும் இல்ல. குளவி கொட்டி மயக்கி, தன் குஞ்சுக்குத் தீனின்னு அடுக்கி வச்சிருக்கு. ஒரு கூட்டுல எட்டு. அப்போ தூளாக்கின கூட்டுல எத்தனை? சாக்கடைக்குப் போனதுல எத்தனை? நமக்கு வேலை பாக்க வந்ததையா தொரத்தினோம்னு நெனச்சா.

ஓடிப் போயி மண் குழைச்சு, புழுவை உள்ள வச்சு ஒட்டிப் பாத்தா. குளவி வந்துச்சு. ஒரு சுத்து சுத்திச்சு. போயிருச்சு. மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல. அடுத்த தெருவுல டொக்கு டொக்கு நின்னு போச்சு. இப்போ பூச்சு வேலை, சர்ரக் சர்ரக். அவ வாசலுக்கும் புறவாசலுக்கும் நடையா நடந்தா.

அப்போ ஒண்ணு தோணிச்சு. பத்து நாளா மழை இல்ல. புறவாசலை அவ வாரி வாரிப் பாறையாக்கி வச்சிருக்கா. கூடு கட்டுறவளுக்கு மண்ணு எங்க இருக்கு? உடைஞ்ச சட்டி ஒண்ணுல மண்ணைப் போட்டு, அடை மாவு பதத்துக்குக் குழைச்சுக் குழாய் பக்கத்துல வச்சா. திரும்பவும் சேறா, என் இடுப்பை ஒடிக்கப் பாக்குதியான்னு உலகநாதன் கத்தினாரு. அவ சட்டியைச் சுவத்தோரமா தள்ளி வச்சா, அவ்வளவுதான். பந்தல் ஓரத்துல கொத்தமல்லி பூ விட்டிருந்துச்சு. பிடுங்கி எறிய கை துடிச்சுது. குளவி அந்தப் பூவுல தேன் குடிச்சதை முன்ன பாத்திருக்கா. கையைக் கட்டிக்கிட்டா.

மூணாம் நாள். ங்ங்ங்.

சட்டியில உக்காந்து பட்டாணி அளவு மண்ணை உருட்டிச்சு. தூக்கிக்கிட்டுப் பறந்துச்சு. புறவாசல் கதவு நிலை மேல கட்டிச்சு. ஒரு குடம். அப்புறம் ஒட்டினாப்புல ரெண்டு. அப்புறம் மூணு. பந்தலுக்கும் நிலைக்கும் போறதும் வர்றதும், ஒவ்வொரு தடவையும் வாயில ஒரு புழு. பந்தல்ல புது இலை துளுத்துச்சு. பூ உதிராம நின்னுச்சு. ஒரு பிஞ்சு எறங்கிச்சு. அவ அதோட நுனியில கல்லைக் கட்டித் தொங்க விட்டா.

கோமு சும்மா இருப்பாளா? அஞ்சு பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்துட்டா. உலகநாதன் அப்போ காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தாரு.

"இந்தத் தடவை தட்டலையா? யாருக்கு மதினி விசேஷம்?"

"எனக்குத்தான். எத்தனை மாசம்னு ஒங்க அண்ணன்கிட்ட கேளு."

புர்ர். காப்பி மூக்கு வழியா வந்துச்சு அவருக்கு. வந்தவங்க சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் உலகநாதன் அவளை ஒரு பிடி பிடிச்சாரு பாரு. மானம் போவுது, அதைத் தட்டி எறின்னாரு. காய் வரட்டும்னா அவ. காலையில சொன்னாரு, சாயங்காலம் சொன்னாரு. ஒரு தடவை வாரியலைக் கையிலகூட எடுத்துட்டாரு. அவ நிலைக்குக் கீழ போயி நின்னுக்கிட்டா.

அப்போ வந்து நின்னாரு மாசானம் கொத்தனார். கரணை, சட்டி, சிமெண்டு மூட்டையோட. நெனச்சதுக்கு நாலு நாள் முன்னாடி. காய் ஒரு முழம்தான் இருந்துச்சு. இது பிஞ்சு, கூட்டுக்குக் காணாதுன்னாரு உலகநாதன். அவ காயை அறுத்தா. நறுக்கினா. பாசிப்பருப்போட அடுப்புல ஏத்தினா. வெளிய உலகநாதனும் கொத்தனாரும் டேப்பைப் பிடிச்சுப் புறவாசலை அளந்துக்கிட்டு இருந்தாங்க. அவளுக்கு டேப்பு கிர்ருனு இழுபடுற சத்தம் கேக்குது. உப்பு போட்டோமா இல்லையான்னு தெரியல.

மூணு இலை போட்டா. கொத்தனாருக்கும் சேத்து. உலகநாதன் ஒரு வாய் சாப்பிட்டாரு. சாதம் போட்டுப் பிசைஞ்சாரு. அப்புறம் அந்தக் கூட்டை இன்னும் கொஞ்சம் வையின்னாரு. கொத்தனாரும் ரெண்டாந்தடவை கேட்டாரு. ஆவுடையம்மா இலையில வெறும் ரசந்தான்.

கையைக் கழுவிட்டு உலகநாதன் சொன்னாரு. "மாசானம், குழாயடி வரைக்கும் போடு. பந்தல் பக்கம் போவாத."

அவ அடுக்களைச் சுவத்துல சாஞ்சுக்கிட்டா.

கொத்தனார் வேலைய ஆரம்பிச்சாரு. சர்ரக் சர்ரக். புறவாசல் படிய பூசினாரு. அப்படியே தலைய நிமித்தி நிலையைப் பாத்தாரு.

"என்ன அண்ணாச்சி, குளவி மண்ணை அப்பி வச்சிருக்கு. தட்டி விட்டுட்டு நிலைக்கு மேல சுவத்தையும் ஒரு பூச்சு பூசிரவா?"

கரணைய ஓங்கிட்டாரு. உலகநாதன் இடுப்பு வலியெல்லாம் மறந்து, ஈர சிமெண்டுல காலை வச்சுப் பாஞ்சு வந்து கையைப் பிடிச்சாரு.

"தொடாத மாசானம். வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா."

உள்ள ஆவுடையம்மா சிரிச்ச சிரிப்பு எதிர்வீடு வரைக்கும் கேட்டுச்சு.

கதை அவ்வளவுதான், மேல ஒண்ணும் இல்ல. திரும்பிப் படு. கண்ணை மூடு.