சுவடியில் பாய்ந்த காளை

அந்தக் காலத்தில் மாடும் பேசும், பூச்சியும் பேசும். கரையானுக்குக் கண்கூட இருந்தது. உலகத்தைப் பங்கு பிரித்தபோது எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பேச்சு பேசி வைத்திருந்தார்கள்: உயிருள்ளதைக் கரையான் தொடக்கூடாது, செத்துக் காய்ந்தது எல்லாம் அதன் பங்கு.

மேட்டுக்காட்டில் வேலாத்தா என்றொருத்தி மாட்டு வைத்தியம் பார்த்து வந்தாள். அவளிடம் ஒரு கை தடிமனுக்கு ஓலைச்சுவடி ஒன்று இருந்தது. அடைப்பானா, கோமாரியா, எந்த நோய் வந்தாலும் அதைப் பிரித்துப் பார்த்துத்தான் மருந்து அரைப்பாள். சுற்றுப்பட்டி மாடுகள் எல்லாம் அந்த ஏட்டை நம்பித்தான் உயிர் வாழ்ந்தன.

ஒரு நாள் மத்தியானம் பரணில் சரசரவென்று சத்தம். ஏறிப் பார்த்தாள். சுவடியைச் சுற்றிக் கரையான் படை! நடுவில் தாய்க்கரையான் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது.

"தள்ளிப்போ வேலாத்தா. ஓலை செத்து எத்தனையோ காலமாச்சு. இது எங்க பங்கு."

"ஐயோ சாமி! இது போனா ஊரு மாடு அத்தனையும் போயிருமே!"

"வேணும்னா பொழுது சாயறதுக்குள்ள படிச்சு மனசுல வெச்சுக்கோ. இல்லே, இதுக்கு உயிர் இருக்குன்னு காட்டு. திரும்பிப் பார்க்காம போயிடறோம்." கரையான்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

வேலாத்தா சுவடியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்கு ஓடினாள். நாலு ஏடு படிப்பதற்குள் முதல் ஏடு மறந்து போயிற்று. அங்கே நிறைசினையாக நின்ற செவலைப் பசு கேட்டது:

"ஆத்தா, என் கன்னு குறுக்கே நின்னுட்டா எப்படித் திருப்பறதுன்னு அதுலதானே இருக்குது?"

வேலாத்தாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஆமா கண்ணு. செத்த ஓலைக்கு உயிரை நான் எங்கே போய் வாங்கறது?"

"என் கொம்பு நுனியைச் சீவினாலும் வலிக்கறதில்லை. அதுவும் செத்ததுதான். பொங்கலுக்கு நீ வண்ணம் பூசினா மட்டும் உயிர் வந்து துள்ளுதுன்னு ஊரே சொல்லுதே?"

அவ்வளவுதான்! வேலாத்தா துள்ளி எழுந்தாள். கொம்புக்குப் பூசி மிச்சமிருந்த காவியையும் மஞ்சளையும் நீலத்தையும் குழைத்தாள். வேப்பங்குச்சியை மென்று நார் நாராக்கினாள். எழுத்தின் மேல் வண்ணம் பட்டால் ஏடு வீண். ஆகவே சுவடியை இறுகக் கட்டி, அடுக்கிய ஓலைகளின் விளிம்பில் மட்டும் படம் எழுதினாள். கொம்பு, திமில், கால், வால் என்று கொழுத்த காளை ஒன்று எழுந்து நின்றது.

பொழுது சாய்ந்தது. படை வந்தது. தாய்க்கரையான் உற்றுப் பார்த்தது.

"படம் நல்லாத்தான் இருக்குது. ஆனா உயிருன்னா அசையணும். எங்கே, அசையச் சொல்லு பார்ப்போம்!"

வேலாத்தா பின்னால் நகர்ந்தாள். சுவடியைப் பொத்திக்கொள்ளப் போனவள் அவசரத்தில் கயிற்றுமுடிச்சை இழுத்துவிட்டாள். கட்டு தளர்ந்தது. ஓலைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவிச் சரிந்தன. காளை தலையைத் தாழ்த்தி, திமிலைத் தள்ளி, பாய்ந்தது!

"முட்ட வருதுடோய்!" என்று கரையான்கள் அலறின.

வேலாத்தா சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஓலைகளை நிமிர்த்தினாள், காளை பின்வாங்கியது. மறுபடி சரித்தாள், மறுபடி பாய்ந்தது. செவலை வேறு "ம்மா!" என்று ஒரு குரல் கொடுத்தது. படை ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடியது. தாய்க்கரையானை நாலு பேர் உருட்டிக்கொண்டு போனார்கள்.

வாசலில் நின்று அது மட்டும் கத்தியது: "பேச்சு பேச்சுதான்! அசையற வரைக்கும் தொட மாட்டோம். அசையாம கிடந்தா அன்னிக்கே எங்க பங்கு!"

அன்று முதல்தான் சுவடியின் விளிம்பில் படம் எழுதும் வழக்கம் வந்தது; ஓலை போய்க் காகிதம் வந்தும் விடவில்லை. அன்று முதல்தான் கரையானும், காளை பார்த்துவிடுமோ என்று மண்ணைப் போர்த்திக்கொண்டு வருகிறது. விளிம்பில் எவ்வளவு அழகாக எழுதினாலும் சரி, பிரிக்காமல் வைத்த புத்தகத்தை அது இன்றும் விட்டதில்லை.