இன்னும் எழவில்லை

டாக்டர் ஞானசிகாமணிக்கு ஐம்பத்தாறு வயது. நாகர்கோவிலிலிருந்து தான்சானியக் கடலோரத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தவர். அவருக்கு ஸ்வாஹிலி சொல்லிக்கொடுத்த ரெஹெமாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவள் வந்தால் எழுந்து நிற்பார்.

அன்று மாலைப் பாடத்துக்கு அவள் வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை.

"வாசலில் கஞ்சிப் பாத்திரத்தோடு ஒரு அம்மா இருக்கிறாரே, யார்?"

"அஷா. தீவிலிருந்து தனியாக வந்தவர். மகனுக்கு மூளையைத் தாக்கிய மலேரியா."

"பையன் எப்படி இருக்கிறான்?"

"காலை ஆறு மணிக்கே போய்விட்டான், டீச்சர்."

ரெஹெமா புத்தகத்தை மூடினாள். இறந்தவரை அன்றே, பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்வது அந்தக் கடலோர முஸ்லிம்களின் வழக்கம்.

"அவர் கேட்கவில்லையா?"

"எழுந்துவிட்டானா என்று கேட்டார். 'ஹஜாஅம்கா' என்றேன்."

இன்னும் எழவில்லை என்று அர்த்தம். தமிழில் 'இல்லை' கடைசியில்தான் வரும். தயங்கித் தயங்கிச் சொல்லலாம். ஸ்வாஹிலியில் மறுப்பு வினையின் தலையிலேயே நிற்கும். எழவில்லையா, இனி எழமாட்டானா, இன்னும் எழவில்லையா என்பதை அடுத்த அசை சொல்லிவிடும். மூன்றையும் போன மாதமே பிழையில்லாமல் ஒப்பித்தவர்தான். பாவி மனுஷன், மூன்றில் ஆறுதலானதைப் பொறுக்கிக்கொண்டார்.

"நர்ஸ்களையும் வாய் திறக்க வேண்டாம் என்றேன். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று. பத்து மணிக்குக் கேட்டார். இரண்டு மணிக்கும் கேட்டார்."

"அதே பதிலா?"

"அதேதான்."

ரெஹெமா வெளியே போனாள். அஷாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் மடியிலிருந்த பாத்திரத்தை எடுத்துக் கீழே வைத்தாள். அஷா அவள் முகத்தையே பார்த்தாள்.

"ஹடாஅம்கா, அம்மா" என்றாள் ரெஹெமா. இனி எழமாட்டான்.

"மூணு தடவை சூடு பண்ணினேனே!" என்று அஷா அலறினாள். "டாக்டர் சொன்னாரேன்னு மூணு தடவை சூடு பண்ணினேனே!"

டாக்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பள்ளிவாசல் ஆட்கள் அவசர அவசரமாக வந்து, டாக்டர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சாவியால் பிணவறையைத் திறந்து உடலைத் தூக்கிப் போனார்கள். டாக்டர் ரெஹெமாவிடம் திரும்பினார்.

"குழந்தை உண்டா என்று கேட்டால்கூட இங்கே 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள், 'இன்னும் இல்லை' என்றுதான் சொல்வார்கள் என்று நீங்கள்தானே டீச்சர் சொல்லிக்கொடுத்தீர்கள்?"

"ஆமாம். காத்திருக்கிறவர்கள் சொல்லிக்கொள்வது அது" என்றாள் ரெஹெமா. "பிணவறைச் சாவி உங்கள் பையில் இருந்தது, டாக்டர்."