ஏரி உடைந்த பள்ளத்தாக்கு

பனிமலைக்கு அப்பால், மரம் மட்டை இல்லாத ஒரு வறண்ட பள்ளத்தாக்கில் நாகலிங்க சாமி மடம் போட்டிருந்தார். அவருக்கு ஏகாம்பரம், சடையன் என்று இரண்டே சீடர்கள். ஒருவரைக் கீழ்மடத்துக்குத் தலைவராக அனுப்பப்போவதாகச் சாமி சொன்ன நாளிலிருந்து ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் சாமியோடு நடந்துபோகும்போது கேட்டேவிட்டார்.

“சாமி, நான் கோபத்தை ஜெயிச்சுட்டேன். கீழ்மடத்துக்கு என்னை அனுப்பலாமே?”

“ஜெயிச்சதுக்கு என்ன அத்தாட்சி?”

“இத்தனை வருஷமா அந்தச் சடையனோட ஒரே குடிசையில இருக்கேன். ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல.”

சாமி நின்றார். இருபுறமும் மலை செங்குத்தாக அறுபட்டு நின்றது. நடுவே, ஆறே இல்லாத வெட்டவெளியில், ஒவ்வொன்றும் ஒரு வீடு பருமனில் பாறைகள் கிடந்தன.

“இந்த மலையை அறுத்தது எதுன்னு நெனைக்கிற?”

“கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி அரிச்சிருக்கும். எல்லாம் பொறுமைதான் சாமி.” தன்னையே சொல்லிக்கொண்டது போல ஏகாம்பரத்துக்குப் பெருமையாக இருந்தது.

“இல்லப்பா. பூமி உறைஞ்சு கிடந்த காலம் முடிஞ்சப்போ, மேல பனி உருகி ஏரியாச்சு. பனிக்கட்டியே குறுக்க அணையா நின்னுச்சு. சொட்டுக்கூடக் கசிய விடல. ஒருநாள் அணை உடைஞ்சுது. மலையைக் கிழிச்சு, இந்தப் பாறையெல்லாம் உருட்டிக்கிட்டு, மொத்த ஏரியும் ஒரே ஓட்டமாப் போயிருச்சு.”

ஏகாம்பரம் மரியாதைக்குத் தலையாட்டினார். ஏரிக்கதை அவருக்கு எதற்கு? அவருக்கு மடம் வேண்டும்.

“சரி, சடையன் அப்படி என்னதான் பண்ணினான்?”

“அதெல்லாம் எதுக்கு சாமி? குறட்டை விடுவான். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“என் கம்பளிக் குல்லாயாலதான் சுடுபானையைப் பிடிச்சு இறக்குவான்.” குரல் கொஞ்சம் ஏறியது. “ஈரக் காலுறையைத் தேநீர்க் கெட்டில் மேல காயப்போடுவான்! அந்தத் தேநீரை எனக்கே ஊத்துவான்!”

சாமி அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்துப் பாறையில் ஏறத் தொடங்கினார்.

ஏகாம்பரம் அதைக் கவனிக்கவில்லை. நடுங்கும் குளிரில் போர்வையை இழுத்தது, தியானத்தில் இருந்தபோது மூக்குக்கு நேரே வெங்காயம் வதக்கியது என்று சடையனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவன் பாட்டன் முப்பாட்டன் வரை போனார். கையிலிருந்த கமண்டலம் பறந்துபோய்க் கல்லில் மோதி நசுங்கியது. கத்தல் மலையில் பட்டுத் திரும்பி வந்தபோதுதான் அது தன் குரல் என்றே தெரிந்தது.

மூச்சு வாங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி கீழ்மடம் கிடைத்த மாதிரிதான்.

அண்ணாந்து பார்த்தார். பாறை உச்சியில் சாமி இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அப்போ, கோபம் வந்தா அன்னன்னைக்கே சண்டை போட்டுறணுமா சாமி?”

“ஓடைன்னா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத் தாண்டிருவேன்,” என்றார் சாமி, கீழே கால் வைக்க இடம் தேடியபடி. “இந்த வயசுல என்னைப் பாறை ஏற வைக்காதப்பா.”