ஆட்டத்துக்கு முதுகு காட்டியவர்

டிவியில் கபடியோ கிரிக்கெட்டோ, எந்தப் போட்டி என்றாலும் நேரடி வர்ணனை செய்ய ஜெபசிங்தான் வருவார். குரலைக் கேட்டாலே ஜனங்களுக்கு ஆளைத் தெரியும். நடுவயது தாண்டியபின் அவருக்கு வேறோர் ஆசை பிறந்தது. சேனலில் இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சிக்கு ஆள் தேடியபோது, விளையாட்டை விட்டுவிட்டு அதற்கு வந்தார்.

ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எழுதிக் கொடுத்ததைப் பிழையில்லாமல் சொன்னார். கேமராமேன் கொட்டாவி விட்டார். வெள்ளிக்கிழமையே முதல் நிகழ்ச்சி. பழைய நாற்காலியிலோ வேறொருவர் உட்கார்ந்தாயிற்று.

மேடை நகைச்சுவையில் பெயர் பெற்ற மெஹருன்னிசாவைத் தேடிப் போனார். வயதில் அவரைவிட மிகவும் இளையவர். ஆனாலும் குருவாக ஏற்றுத்தான் கேட்டார்.

"கண்ணு முன்னால ஆட்டம் நடந்தா எனக்கு வார்த்தை தானா வரும், மேடம். அந்த மேடையில ஆட்டமே இல்லையே. எதைப் பார்த்துப் பேசுறது?"

மெஹருன்னிசா அவரை மறுநாள் சாயங்காலம் பெரம்பூரில் ஒரு கபடிப் போட்டிக்கு அழைத்துப் போனார். முன்வரிசை நாற்காலி ஒன்றைக் களத்துக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார்.

"உட்காருங்க சார். ஆட்டத்தைச் சொல்லுங்க."

விசில் ஒலித்தது. ஜெபசிங் தவித்துப்போனார். திரும்ப முயன்றவரைத் தோளைத் தொட்டு நிறுத்தினார் மெஹருன்னிசா. வேறு வழியின்றி, எதிரே இருந்த பார்வையாளர்களின் முகங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

பாடிப் போனவன் மாட்டிக்கொண்டான் போலிருக்கிறது, ஏனென்றால் சிவப்புச் சட்டைக்காரர் பக்கத்திலிருப்பவரின் காலை இறுகப் பிடித்திருக்கிறார் என்றார். பிடிபட்ட பக்கத்து ஆளுக்கு இவர் யாரென்றே தெரியாது, ஆனாலும் கோட்டைத் தொடத்தான் பார்க்கிறார் என்றார். பின்வரிசை அம்மாளின் மகன் களத்தில் இறங்கிவிட்டான்; அவர் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு ஒன்றால் மட்டும் பார்க்கிறார் என்றார்.

சிவப்புச் சட்டைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு அந்த அம்மாள். அப்புறம் அந்தப் பக்கம் முழுவதும்.

கூட்டம் கலைந்தபோது ஜெபசிங்குக்குத் தொண்டை கட்டியிருந்தது. மனசு லேசாக இருந்தது. வாசலை நெருங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. முடிவு தெரியாமல் ஒரு மைதானத்தை விட்டு அவர் வெளியே வருவது இதுவே முதல் தடவை.

"யார் மேடம் ஜெயிச்சாங்க?"

"தெரியலை சார். நானும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."